ஜப்பானிடம் தலைகுனியாமல் ஆயுதம் கேட்ட நேதாஜி

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு முதலில் வருவது சிங்கப்பூர் பாடாங் திடல். ராணுவ உடையில் அவர் மேடையேறியது, தோட்டத்துப் பெண்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்தது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தது எல்லாம் பல குடும்பங்களில் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்ட கதைகள்தான்.

அந்தத் திடலுக்கு வெளியே, ஜப்பானியத் தளபதிகளின் அறைகளில், இரண்டாண்டு காலம் இன்னொரு போராட்டம் நடந்தது. அதற்குக் கைதட்டல் இல்லை, புகைப்படமும் அதிகம் இல்லை. படைக்குத் துப்பாக்கி வேண்டும், குண்டு வேண்டும், லாரி வேண்டும். அத்தனையும் கொடுக்கக்கூடியவன் ஜப்பான்காரன் ஒருவன்தான். அவனிடம் கேட்டு வாங்கவும் வேண்டும், அவனுடைய கூலிப்படையாக ஆகிவிடவும் கூடாது. நேதாஜியின் கடைசி இரண்டாண்டு வாழ்க்கை பெரும்பாலும் இந்த இழுபறியில்தான் கழிந்தது.

கட்டாக் முதல் பெர்லின் வரை

1897 ஜனவரி 23-ஆம் தேதி ஒடிசாவின் கட்டாக் நகரில் வழக்கறிஞர் ஜானகிநாத் போஸுக்கு ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தவர் சுபாஷ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட விவகாரத்தில் 1916-இல் வெளியேற்றப்பட்டார். பிறகு வேறு கல்லூரியில் சேர்ந்து தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். இடையில் ராணுவத்தில் சேரப் போனபோது கண்பார்வை குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையில் இடம் கிடைத்தது. கூடாரத்தில் தங்கி, துப்பாக்கி சுடப் பழகிய அந்த முகாம் வாழ்க்கை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

1920-இல் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவது இடம் பிடித்தார். மறு ஆண்டே அந்தப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அதன்பின் சித்தரஞ்சன் தாஸின் சீடர், மாண்டலே சிறைக் கைதி, கல்கத்தா மேயர், 1938-இலும் 1939-இலும் காங்கிரஸ் தலைவர் என்று வாழ்க்கை ஓடியது. காந்தியடிகளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1940-இல் மீண்டும் கைதானவர், சிறையில் உண்ணாவிரதம் இருந்து வெளியே வந்தார். போலீஸ் காவலுக்கு நடுவே 1941 ஜனவரியில் ஓர் இரவு வீட்டைவிட்டு மறைந்தார். பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரல் மாதம் பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

ஆயுத உதவிப் பேரத்தில் அவருக்கு முதல் பாடம் கிடைத்தது பெர்லினில்தான். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் சுமார் 3,000 பேரைக் கொண்டு ஒரு படை திரட்டினார். பயிற்சி கொடுத்தவர்கள் ஜெர்மானிய அதிகாரிகள். இந்த வீரர்களை ஜெர்மன் படையோடு கலக்கக்கூடாது, இந்திய விடுதலைக்காக மட்டுமே களம் இறக்க வேண்டும் என்பது அவரது நிலை. இந்தியாவின் சுதந்திரத்தை ஆதரித்துப் பகிரங்க அறிவிப்பு வெளியிடும்படி ஹிட்லரையும் நேரில் கேட்டார். ஹிட்லர் அசையவில்லை. நேதாஜி ஜெர்மனியைவிட்டுக் கிளம்பிய சில மாதங்களிலேயே அந்தப் படை நெதர்லாந்துக்கும் பிறகு பிரான்சுக்கும் கடற்கரைக் காவலுக்கு அனுப்பப்பட்டது. இந்தியாவுக்கும் அந்தக் கடற்கரைகளுக்கும் என்ன சம்பந்தம்?

1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ரப்பர் படகு வழியாக ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். சுமத்ராவின் சாபாங்கில் கரையிறங்கி, அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ சென்றார்.

அவருக்கு முன் முறிந்த பேச்சு

இங்கே மலாயாவில் நிலைமை அப்போது சரியாக இல்லை. 1941 டிசம்பரில் ஜித்ரா போரில் சிதறிய பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து கேப்டன் மோகன் சிங் என்பவர் ஜப்பானியரோடு சேர்ந்து முதல் இந்திய தேசிய ராணுவத்தை உருவாக்கினார். சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் சுமார் 40,000 இந்தியக் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் பலர் புதிய படையில் சேர்ந்தனர்.

சேர்ந்தது சரி, அந்தப் படை யாருடையது? அதே ஆண்டு ஜூனில் பாங்காக்கில் கூடிய இந்தியர் மாநாடு, இந்தப் படையை நட்புநாட்டுப் படையாக ஜப்பான் எழுத்துமூலம் ஏற்க வேண்டும் என்று கேட்டது. டோக்கியோவிடமிருந்து தெளிவான பதிலே வரவில்லை. பினாங்கில் வழக்கறிஞர் என்.ராகவன் நடத்திய சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்தின் மாணவர்கள் சிலரை, அவருக்கே சொல்லாமல் ஜப்பானியர் நீர்மூழ்கியில் ஏற்றி உளவு வேலைக்கு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டனர். ராகவன் கோபத்தில் கழகத்தையே மூடினார். பிடிபட்ட அந்த இளைஞர்களில் சிலர் 1943 செப்டம்பரில் சென்னையில் தூக்கிலிடப்பட்டனர். மோகன் சிங்கும் ஜப்பானியரோடு மோதி, 1942 டிசம்பர் இறுதியில் கைதானார். படை கலைந்தது.

நேதாஜி வந்து சேர்ந்தது இந்த இடிபாட்டுக்கு நடுவேதான். ஜப்பானியப் பிரதமர் டோஜோவை 1943 ஜூனில் இருமுறை சந்தித்தார். அவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்க, இந்திய விடுதலைக்கு ஜப்பான் எல்லா வகையிலும் துணை நிற்கும் என்று டோஜோ நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஹிட்லரிடம் ஓராண்டு காத்திருந்தும் கிடைக்காதது டோக்கியோவில் ஒரே மாதத்தில் கிடைத்தது. ஜூலை 4-ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் முதியவர் ராஷ் பிஹாரி போஸ் தலைமைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங்கில் படை அணிவகுத்தது.

தெராவ்சியின் அறையில்

டோக்கியோ கொடுத்த வாக்கு வேறு, களத்தில் இருந்த தளபதிகளின் எண்ணம் வேறு. தென்கிழக்காசியாவில் இருந்த ஜப்பானியப் படைகள் அனைத்துக்கும் தலைவர் பீல்ட் மார்ஷல் தெராவ்சி. சண்டையை ஜப்பானியப் படை பார்த்துக்கொள்ளும், பிரிட்டிஷாரிடம் சம்பளம் வாங்கிப் பழகி, தோற்றுச் சரணடைந்த சிப்பாய்கள் போர்முனைக்குச் சரிப்பட மாட்டார்கள், உளவுக்கும் பிரசாரத்துக்கும் அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நேதாஜி மட்டும் தம் பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

நேதாஜி இதை ஏற்கவில்லை. ஜப்பானியர் ரத்தம் சிந்தி வாங்கித் தரும் சுதந்திரம் அடிமைத்தனத்தைவிட மோசமானது என்பது அவர் வாதம். இந்திய மண்ணில் நுழையும் படையின் முன்வரிசையில் இந்தியர்களே நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஒரே ஒரு ரெஜிமென்டைக் களத்தில் இறக்கிப் பார்ப்பது, அது தேறினால் மற்றவற்றையும் அனுப்புவது. ஆக, ஒரு படை முழுவதற்கும் தேர்வு வைத்தார்கள். அந்தத் தேர்வுக்குப் போக, மற்றப் பிரிவுகளிலிருந்து திறமையானவர்களைப் பொறுக்கியெடுத்து 1943 செப்டம்பரில் நம் தைப்பிங்கில் ஒரு ரெஜிமென்ட் உருவானது. தலைவர் ஷா நவாஸ் கான். தம் பெயரை வைக்க வேண்டாம் என்று நேதாஜி சொல்லியும் வீரர்கள் அதைச் சுபாஷ் படை என்றே அழைத்தனர்.

ஆயுதம் என்று ஜப்பான் கொடுத்ததில் பெரும்பகுதி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷார் போட்டுவிட்டு ஓடியவைதான். பயிற்சியை மட்டும் நேதாஜி வெளியார் கையில் விடவில்லை. அணிவகுப்புக் கட்டளைகள் இந்துஸ்தானியில், பயிற்றுநர்கள் இந்திய அதிகாரிகள். தோட்டத்திலிருந்து வந்த தமிழ் இளைஞர்களுக்கு அந்த மொழி முதலில் புரியவில்லை என்றாலும் மாதக்கணக்கில் பழகிக்கொண்டார்கள். இப்படிச் சேர்ந்த பொதுமக்கள் ஏறக்குறைய 18,000 பேர் என்பது கணக்கு. பெரும்பாலோர் தமிழர். விமானப் பயிற்சிக்கும் அதிகாரிப் பயிற்சிக்கும் சுமார் 45 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானிய ராணுவக் கல்லூரிகளுக்கு அனுப்பினார். ஜப்பானிடம் பயிற்சிக்கு என்று அவர் ஆள் அனுப்பியது பெரும்பாலும் இந்த அளவோடு சரி.

ஜான்சி ராணிப் படை விஷயத்தில் ஜப்பானியர் வெளிப்படையாகவே முகம் சுளித்தனர். பெண்களுக்கு முகாமும் துப்பாக்கியும் எதற்கு என்றார்கள். நேதாஜி அவர்களிடம் மன்றாடிக் காலம் கடத்தாமல், இந்திய சுதந்திரச் சங்கத்தின் பணத்தில் இடத்தைத் தயார் செய்யச் சொன்னார். 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் முகாம் திறந்தது. தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூர் ஜானகி பிற்பாடு அவருக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார்.

நிபந்தனை போட்டுத்தான் எதையும் ஏற்பது என்பது அவர் சுபாவமாகவே இருந்தது. அந்த அக்டோபரில் டேங்க் ரோடு செட்டியார் கோயிலிலிருந்து விஜயதசமிக்கு அழைப்பு வந்தது. நன்கொடையும் கிடைக்கும். எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். கோயிலார் இணங்கினர். முஸ்லிம், கிறிஸ்தவ அதிகாரிகள் புடைசூழ அவர் உள்ளே போனார்.

சல்யூட்டிலும் சமம்

1943 அக்டோபர் 21-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. இதைச் சடங்கு என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு வேலை இருந்தது. ஓர் இயக்கத்தின் தலைவர் உதவி கேட்டால் அது பிச்சை போலத் தெரியும். ஓர் அரசின் தலைவர் கேட்டால் அது இரு நாட்டு உடன்பாடு. ஜப்பான் இரண்டே நாளில் அங்கீகாரம் கொடுத்தது. ஜெர்மனி, பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளும் தொடர்ந்தன. அவை எல்லாம் ஜப்பானின் அல்லது ஜெர்மனியின் நிழலில் இருந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1944 ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றிய நேதாஜி, பர்மாவின் ஜப்பானியத் தளபதி கவாபேயுடன் உட்கார்ந்தார். இம்பால் படையெடுப்புக்கு முந்திய வாரங்கள் அவை. இந்திய வீரர்களைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து ஜப்பானியப் பிரிவுகளில் சேர்க்கக்கூடாது, பட்டாலியனுக்குக் கீழே உடைக்கக்கூடாது, கட்டளை இந்திய அதிகாரிகளிடமே இருக்க வேண்டும், தனிக் களப்பகுதி ஒதுக்க வேண்டும் என்றார். மீட்கப்படும் இந்திய மண்ணில் மூவர்ணக் கொடி மட்டுமே பறக்க வேண்டும், நிர்வாகம் தற்காலிக அரசிடம் வர வேண்டும் என்றும் சொன்னார். இவை ஓரளவு சுலபமாக முடிந்தன.

இழுத்தது ராணுவச் சட்டம். இந்திய வீரன் தவறு செய்தால் அவனை விசாரிப்பது யார்? ஜப்பானியச் சட்டமே செல்லும் என்றனர் அவர்கள். கெம்பித்தாய் கையில் சிக்கியவர்களின் கதி என்ன என்பது மலாயாவில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் படைக்கு எங்கள் சட்டம் என்று நேதாஜி விட்டுக்கொடுக்காமல் நின்று அதைப் பெற்றார். ஒரே தகுதியுள்ள இரு நாட்டு அதிகாரிகள் எதிர்ப்பட்டால் யார் முதலில் சல்யூட் அடிப்பது என்பதுகூடப் பேசப்பட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அடிப்பது என்று முடிவானது.

காகிதத்தில் கிடைத்த எல்லாமே களத்தில் கிடைக்கவில்லை. தைப்பிங்கில் உருவான சுபாஷ் படையின் இரு பட்டாலியன்களைச் சின் மலைப்பகுதியில் சாலைக் காவலுக்கு வைத்தார்கள். பீரங்கி இல்லை, விமானப் பாதுகாப்பு இல்லை, லாரி இல்லை. தலையில் அரிசி மூட்டையைச் சுமந்து மலையேறினார்கள். மருந்தும் இல்லை. ஆனால் அரக்கான் பக்கம் போன பட்டாலியன் எல்லை தாண்டி மௌடோக் என்ற இடத்தைப் பிடித்தது. உணவு வராததால் ஜப்பானியர் பின்வாங்கச் சொன்னபோது, கேப்டன் சூரஜ் மால் தலைமையில் ஒரு கம்பெனி அங்கேயே தங்கியது. அந்தத் துணிச்சலைப் பார்த்த ஜப்பானியர், தங்கள் வீரர்களில் ஒரு பிளாட்டூனை அந்த இந்திய அதிகாரியின் கட்டளையின் கீழ் விட்டுச் சென்றதாக ஷா நவாஸ் கான் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

ஏப்ரலில் மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏறியது. ஜூலையில் மழையும் மலேரியாவும் பசியும் சேர்ந்து எல்லாவற்றையும் முடித்தன. குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களே அதிகம். ஜப்பானியப் படைக்கும் அதே கதிதான். நண்பனிடமே இல்லாததை எந்த ஒப்பந்தத்தாலும் வாங்க முடியாது.

ஒப்பந்தத்தில் இடம்பெறாதவர்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் ஜப்பான் தற்காலிக அரசுக்குக் கொடுத்ததாக அறிவித்தது. 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேர் போய்க் கொடியேற்றினார். ஆணையராக நியமிக்கப்பட்டவர் தமிழரான டாக்டர் லோகநாதன். ஆனால் அவர் கைக்கு முழுமையாக வந்தது கல்வித் துறை மட்டுமே. போலீஸ் ஜப்பானியரிடமே இருந்தது. உளவாளிகள் என்று குற்றம்சாட்டி அத்தீவின் இந்தியர்களை அவர்கள் சித்திரவதை செய்ததும் சுட்டுக் கொன்றதும் தொடர்ந்தன. சிறைக்குள் நடந்தது நேதாஜியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

தோட்டப்புற மக்களுக்கு இன்னும் நெருக்கமான துயரம் சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். திரும்பாதவர்களும் பல்லாயிரம். நேதாஜி சிங்கப்பூர் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே பாதை வேலை தொடங்கிவிட்டது. அவர் தற்காலிக அரசை அறிவித்த அதே மாதத்தில் இரு முனைகளும் இணைந்தன. படைவீரனுக்குத் தனிச் சட்டம், தனிக் கொடி, சமமான சல்யூட் என்று வாதாடிப் பெற்ற அந்த மேசையில், ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பாட்டாளியின் பெயர் நிபந்தனையாக எழுதப்படவில்லை. இந்தக் கணக்கை நம் மக்கள் தங்களுக்கே உரிய வழியில் புரிந்துகொண்டிருந்தார்கள். சயாமுக்குப் போவதிலிருந்து தப்பிக்கவே பலர் ஐ.என்.ஏ.வில் பெயர் கொடுத்தனர். அந்தச் சீருடையைப் போட்டவனை ஜப்பான்காரன் தொடமாட்டான் என்பது தோட்டத்து லயங்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் வாங்கிய நிபந்தனைகளின் மதிப்பும் எல்லையும் அங்கேதான் தெரிந்தது.

தூதர் வந்தார், கடிதம் வரவில்லை

1944 ஜூலையில் டோஜோ பதவி இழந்தார். அந்த ஆண்டின் கடைசியில் நேதாஜி மறுபடி டோக்கியோ போய்ப் புதிய பிரதமர் கொய்சோவிடம் பேசினார். ராணுவத் தொடர்பு அலுவலகமான ஹிகாரி கிக்கான் வழியாக எல்லாவற்றையும் நடத்துவது போதும், அரசுக்கும் அரசுக்கும் நேரடி உறவு வேண்டும், தூதரை அனுப்புங்கள் என்று கேட்டார். ஜப்பான் சம்மதித்தது.

1945 மார்ச்சில் ஹச்சியா என்ற தூதர் ரங்கூன் வந்து இறங்கினார். ஆனால் நியமனக் கடிதம் கொண்டுவரவில்லை. தற்காலிக அரசுதானே, கடிதம் எதற்கு என்று டோக்கியோ நினைத்திருந்தது. நேதாஜி அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். பிரிட்டிஷ் டாங்கிகள் மத்திய பர்மாவில் உருண்டுகொண்டிருந்த நேரம். துப்பாக்கிக் குண்டுக்கே தட்டுப்பாடு. அந்த நேரத்தில் ஒரு காகிதத்துக்காக நட்பு நாட்டுத் தூதரை வாசலில் நிறுத்துவதா என்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஹச்சியா கடிதம் கேட்டு டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார். அது வந்து சேர்வதற்குள் ரங்கூனைக் காலி செய்யும் நிலை வந்துவிட்டது.

ஏப்ரல் 24-ஆம் தேதி நேதாஜி ரங்கூனைவிட்டுக் கிளம்பினார். ஜான்சி ராணிப் படைப் பெண்களை முதலில் அனுப்பாமல் தாம் போவதில்லை என்று சொல்லி, லாரிகள் குண்டுக்கு இரையான பின் அவர்களோடு இரவிரவாக நடந்தார். பாங்காக் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகும் செய்தி எட்டியபோது அவர் இருந்தது நம் சிரம்பானில். உடனே சிங்கப்பூர் திரும்பினார். ஆகஸ்டு 16-ஆம் தேதி புறப்பட்டு, பாங்காக், சைகோன் வழியாகப் போன விமானம் 18-ஆம் தேதி தைவானின் தைப்பே நகரில் விபத்துக்குள்ளானது. தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தார் என்பது அதிகாரப்பூர்வமான செய்தி. அதை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. அஸ்தி டோக்கியோவின் ரென்கோஜி ஆலயத்தில் இருக்கிறது. வயது 48.

அந்த நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் பிரிட்டிஷார் வழக்கு நடத்தினர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வேறு கோணத்தில் வாதாடினார். இவர்கள் கலகக்காரர்கள் அல்லர், அங்கீகாரம் பெற்ற ஓர் அரசின் முறையான படையினர், தனிச் சட்டமும் தனிக் கட்டளையும் உள்ளவர்கள் என்றார். அதை நிரூபிக்க ஜப்பானிலிருந்து சாட்சிகள் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர், ரங்கூனில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே ஹச்சியா. தற்காலிக அரசுக்குத் தாம் தூதராக அனுப்பப்பட்டதையும், நியமனக் கடிதம் இல்லாததால் போஸ் தம்மைச் சந்திக்க மறுத்ததையும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டாலும் 1946 ஜனவரி 3-ஆம் தேதி தண்டனை ரத்தாகி வெளியே வந்தனர்.

மலாயாவிலேயே தங்கிவிட்ட மூன்றாவது டிவிஷன் களத்தைப் பார்க்கவில்லை. அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பி மறுபடி உளியையும் பால்வாளியையும் எடுத்தார்கள். இந்திய சுதந்திரச் சங்கத்தில் பணியாற்றிய ஜான் திவி 1946 ஆகஸ்டில் ம.இ.கா.வின் முதல் தலைவரானார். ஜான்சி ராணிப் படையின் ஜானகியும் அந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிங்கப்பூர் கடற்கரையில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். அது இருந்த இடத்தில் 1995 முதல் ஓர் அடையாளப் பலகை நிற்கிறது.